500 பிரதி அச்சடிச்சேன், கரைக்கு வந்தது 31

போன வாரம் ஒரு தம்பி ஃபோன் பண்ணான். திருநெல்வேலிப் பக்கம், காலேஜ் முடிச்சு ரெண்டு வருஷம் ஆகுது, அவங்க ஊர்ல பீடி சுத்துற பொம்பளைங்க வாழ்க்கைய அவங்களே எழுதுற மாதிரி ஒரு இதழ் கொண்டுவரப் போறேன்க்கா, முதல் இதழுக்கு எவ்வளவு ஆகும்னு கேட்டான். ஒரு மணி நேரத்துக்கு மேல பேசினேன். ஃபோனை வச்சப்புறம்தான் தோணுச்சு, 2018ல எனக்கு இதுல பாதி சொல்ல ஒருத்தர் இருந்திருந்தா ஒன்றரை லட்ச ரூபாயும் ஒரு குடும்பத்தோட நம்பிக்கையும் போயிருக்காது. பணம் போனது கூட பரவாயில்ல, அந்தக் குடும்பத்தை நினைச்சா இன்னும் தூக்கம் வராது. அதனால இதை வரிசையா எழுதி வச்சிடுறேன், கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும்.

நான் குமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரி, ஒரு தனியார் ஸ்கூல்ல தமிழ் டீச்சர். 2017 நவம்பர் 29 ராத்திரி தொடங்கி 30ஆம் தேதி ஒக்கி புயல் அடிச்சது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைன்னு எங்க கரையில தங்கல் தொழிலுக்கு, அதாவது நாள் கணக்கா கடல்லயே தங்கி மீன் பிடிக்கப் போன எத்தனையோ பேர் திரும்பி வரல. டிசம்பர் 7 குழித்துறை ரயில்வே ஸ்டேஷன்ல ஊர் ஊரா ஜனம் போய் தண்டவாளத்துல உக்காந்தாங்க. நானும் போயிருந்தேன். சுத்தி கேமரா நின்னுச்சு. எங்க பொம்பளைங்க அழுததை எல்லாம் எடுத்தாங்க, ஆனா அவங்க பேசினதை யாரும் எடுக்கல. என் பக்கத்துல உக்காந்திருந்த அக்கா, காத்து எந்த நேரத்துல திரும்பியிருக்கும், வயர்லெஸ் எவ்வளவு தூரம் வரைக்கும்தான் எட்டும், அதுக்கு அப்பால கிடக்கிற வள்ளத்துக்குப் புயல்னு யார் சொல்லுவா, தேடப் போன கப்பல் எந்த திசையில தேடியிருக்கணும்னு ஒரு மணி நேரம் தெளிவாப் பேசினா. அவ அஞ்சாங்கிளாஸ். அவ பேசின மாதிரி ஒரு வரி எந்தப் பேப்பர்லயும் வரல. அன்னைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்தப்பவே முடிவு பண்ணிட்டேன், எங்க கரைக்காரங்க பேச்சை அப்படியே போடுற ஒரு காலாண்டிதழ் கொண்டுவரணும்னு. எங்களைப் பத்தி மத்தவங்க எழுதினதுல நாங்க பாவப்பட்டவங்களா வருவோம் இல்லன்னா முரடங்களா வருவோம், நாங்களே எழுதுனா எப்படி இருக்கும்னு பாக்கணும்ங்கிற வெறி.

கூட ரெண்டு பேர் சேந்தாங்க, ஒருத்தர் லேஅவுட் தெரிஞ்சவர், இன்னொருத்தர் கவிதை எழுதுற ஸ்கூல் ஃப்ரெண்ட். பணம் என்னோடது. அஞ்சு பவுன் செயினை அடகு வச்சேன். முதல் இதழ் 2018 ஆகஸ்ட். டெமி சைஸ், 96 பக்கம், அதாவது 16 பக்கம் ஒரு ஃபாரம்னா ஆறு ஃபாரம், உள்ள 70 ஜிஎஸ்எம் நேச்சுரல் ஷேட் மேப்லித்தோ பேப்பர், அட்டைக்கு ஆர்ட் கார்டு, மேட் லேமினேஷன். 500 பிரதி. அச்சு, பேப்பர், பைண்டிங், லேஅவுட், அட்டை ஓவியம், பார்சல் லாரி எல்லாம் சேத்து 36,000 ஆச்சு. ஒரு பிரதிக்கு 72 ரூபா. விலை 80ன்னு போட்டோம், எட்டு ரூபா மிச்சம்னு நினைச்சோம். புத்தகக் கடைக்குக் கொடுத்தா அவங்க கழிவு 35 சதவீதம், கைக்கு வர்றது 52. அதாவது 500 பிரதியும் கடையில வித்துத் தீந்தா கூட 26,000தான் வரும், 10,000 நஷ்டம் உறுதி. இந்தக் கணக்கைப் போட ஒரு நிமிஷம் போதும், நான் போட்டது மூணாவது இதழ் வந்தப்புறம். அச்சுக்கூலியை மட்டும் செலவுன்னு பாக்காதீங்க. எழுதினவங்களுக்குப் போற பிரதி, மதிப்புரைக்குப் போற பிரதி, கேக்காமலே நாம தூக்கிக் கொடுக்கிற பிரதின்னு எனக்கு முதல் இதழ்லயே 110 போச்சு. விக்கக் கூடியது 390தான், அப்போ ஒரு பிரதியோட உண்மையான அடக்கவிலை 92 ரூபாய்க்கு மேல. அடக்கத்தைப் போல ரெண்டரை மடங்காவது விலை வச்சாத்தான் கடை வழியா விக்க முடியும், அது முடியாதுன்னா கடையை நம்பாதீங்க.

கடைகளைப் பத்திச் சொல்லணும். சென்னை, மதுரை, கோவை, நாகர்கோவில்னு ஒன்பது கடைக்கு 220 பிரதி அனுப்பினோம். முதல் இதழ் ரெண்டு மூணு இடத்துல நல்லா பேசப்பட்டுச்சு, அந்த சந்தோஷத்துல ரசீது கூட ஒழுங்கா வாங்கல. ஆறு மாசம் கழிச்சுக் கணக்கு கேட்டா ஒரு கடையில மேனேஜர் மாறிட்டார், ஒரு கடையில குடோன்ல இருக்கு தேடணும்னாங்க, ஒரு கடை வித்துடுச்சுன்னு சொன்னாங்க ஆனா அடுத்த இதழ் வரட்டும் சேத்து தர்றோம்னாங்க. ஒன்பது கடையில மூணு கடைதான் பணம் கொடுத்தாங்க, 61 பிரதிக்கு, 3,172 ரூபா. அவங்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது, 80 ரூபா இதழ்ல அவங்களுக்கு வர்றது 28 ரூபா, அதுக்காக ஒரு ஆள் உக்காந்து கணக்கு எழுத மாட்டார். பின்னாடி நான் செஞ்சது இதுதான்: ஒரு கடைக்குப் பத்து பிரதிக்கு மேல கொடுக்கல, டெலிவரி சலான்ல சீல் வாங்கினேன், முந்தின இதழ் கணக்கு முடியாம அடுத்ததைக் கொடுக்கல. கடை எண்ணிக்கை மூணாச்சு, வந்த பணம் குறையவே இல்ல.

ரெஜிஸ்ட்ரேஷன் கதை தனி. சிற்றிதழ்னா பின்னட்டையில தனிச்சுற்றுக்கு மட்டும்னு போட்டுட்டுப் போயிடலாம், நிறைய பேர் காலங்காலமா அப்படித்தான் செய்றாங்க. நான் எல்லாம் சட்டப்படி இருக்கணும், பதிவு நம்பர் வாங்கிட்டா தபால் செலவு பைசாக் கணக்குல முடியும்னு யாரோ சொன்னதை நம்பி ஆர்என்ஐ, அதாவது மத்திய அரசோட பத்திரிகைப் பதிவாளர் அலுவலகம், அங்க பதிவு பண்ண அலைஞ்சேன். அப்போ 1867ஆம் வருஷத்துப் பத்திரிகைப் பதிவுச் சட்டம்தான் நடைமுறையில இருந்துச்சு. முதல்ல தலைப்புக்கு அனுமதி, எங்களுக்கு முதல்ல பிடிச்ச பேரை ஏற்கெனவே யாரோ வாங்கியிருந்தாங்க, மூணாவது பேர்தான் கிடைச்சுது. அப்புறம் டிக்ளரேஷன், அதாவது மாஜிஸ்ட்ரேட் முன்னாடி கொடுக்கிற உறுதிமொழி, அச்சகத்தோட ஒப்பந்தம், அதுக்கப்புறம் அச்சான இதழை வச்சு விண்ணப்பம். அது திரும்பி வந்துச்சு, காரணம் இதழ்ல அச்சிட்டவர், வெளியிட்டவர், உரிமையாளர், ஆசிரியர், அச்சக முகவரி எல்லாம் இருக்கிற அந்த இம்ப்ரிண்ட் வரி. நாங்க அச்சகம் முகவரியில தெருப் பேரை விட்டுட்டோம், டிக்ளரேஷன்ல இருந்த மாதிரி இல்ல. அந்த ஒரு வரிக்காக எட்டு மாசம். ஸ்கூல்ல லீவு போட்டு போட்டு சம்பளத்துல பிடிச்சது மட்டும் 7,000 ரூபாய்க்குப் பக்கம். கடைசியில நம்பர் வந்துச்சு, சந்தோஷமா தபால் சலுகைக்குப் போனா, சலுகை விலையில அனுப்பணும்னா இதழ் 31 நாளைக்கு ஒரு தடவையாவது வரணும், சந்தாதாரர் பட்டியல் இருக்கணும். எங்களது மூணு மாசத்துக்கு ஒண்ணு. அதாவது காலாண்டிதழுக்கு அந்தச் சலுகையே கிடையாது. இதை முதல்லயே தெரிஞ்சிருந்தா அந்த எட்டு மாசத்தை மீன் மார்க்கெட்ல உக்காந்து கதை கேட்டுக் கழிச்சிருப்பேன். இப்போ நிலைமை மாறிடுச்சு, 2023ல புதுச் சட்டம் வந்து 2024 மார்ச் 1லருந்து நடைமுறைக்கு வந்திருக்கு, விண்ணப்பம் எல்லாம் ஆன்லைன்ல பிரஸ் சேவா போர்ட்டல் வழியாத்தான், தலைப்பும் பதிவும் ஒண்ணா விண்ணப்பிக்கலாம். ஆனா அந்த இம்ப்ரிண்ட் வரியை மட்டும் எழுத்துக்கு எழுத்து சரி பாத்துட்டு அச்சு பிளேட் போட அனுப்புங்க. அதே மாதிரி இதழுக்கு ஜிஎஸ்டி கிடையாது, கேக்க நல்லாருக்கும், ஆனா பேப்பருக்கும் அச்சுக்கும் நாம கட்டுற வரி நமக்குத் திரும்பியும் வராது, அதனால அச்சகம் சொல்ற விலை வரியோடயா வரி இல்லாமலான்னு முதல்லயே கேட்டுக்கோங்க.

இன்னொண்ணு, இது நிறைய பேருக்குத் தெரியாது. கனடால இருக்கிற ஒரு அக்கா, அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கினவங்க, இதழைப் பாத்து அழுதுட்டு 50,000 அனுப்புறேன்னாங்க. எனக்கு அப்போ அது கடவுள் அனுப்பின மாதிரி இருந்துச்சு. நல்லவேளை தெரிஞ்ச ஆடிட்டர் ஒருத்தர்கிட்ட வாய் தவறிச் சொன்னேன், அவர் கையப் பிடிச்சு நிறுத்தினார். எஃப்சிஆர்ஏங்கிற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010ன்படி பதிவு பண்ணின பத்திரிகையோட ஆசிரியர், உரிமையாளர், வெளியிடுறவர் யாரும் வெளிநாட்டு நன்கொடை வாங்கக் கூடாது. வளைகுடால வேலை பாக்குற நம்ம ஆள், இந்திய பாஸ்போர்ட், சொந்தச் சம்பாத்தியத்துலருந்து அனுப்பினா அது வேற, குடியுரிமை மாறினவங்க கொடுத்தா அது வெளிநாட்டு நன்கொடை. எங்க கரையில வீட்டுக்கு ஒருத்தர் வெளிநாட்டுல இருக்காங்க, இந்த வித்தியாசம் தெரியாம யாரும் மாட்டிக்கக் கூடாதுன்னுதான் சொல்றேன்.

ஆயுள் சந்தா. இந்த வார்த்தையைக் கேட்டாலே இப்போ எனக்கு வயித்தைக் கலக்கும். ஆயுள் சந்தா 3,000ன்னு அறிவிச்சோம், 22 பேர் கொடுத்தாங்க, 66,000 ரூபா. கையில அவ்வளவு பணம் பாத்ததும் இதழ் ஓடுதுன்னு நம்பிட்டேன், ரெண்டாவது மூணாவது இதழை அந்தக் காசுலதான் அச்சடிச்சேன். அது வருமானமே கிடையாது, கடன். 22 பேருக்கு நான் இருக்கிற வரைக்கும் இதழ் அனுப்புறேன்னு வாக்கு கொடுத்து வாங்கின கடன். ஏழு இதழுக்கு மொத்தச் செலவு 2,14,000, மொத்தமா வந்தது 88,000, அதுல இந்த 66,000ஐக் கழிச்சா மூணு வருஷத்துல நிஜமா வித்து வந்தது 22,000 ரூபாதான். இதழை நிறுத்தினப்போ 22 பேருக்கும் தனித்தனியா கடிதம் போட்டேன். 13 பேர் பரவாயில்லம்மா வச்சுக்கோன்னாங்க, 9 பேர் திருப்பிக் கேட்டாங்க, கேட்டது நியாயம். 27,000 ரூபாயைத் தவணையில கட்டி முடிக்க 14 மாசம் ஆச்சு. அதையும் சேத்தா கையை விட்டுப் போனது 1,53,000, அடகு வட்டி இதுல வரல. சந்தா வாங்கறதா இருந்தா ஒரு வருஷத்துக்கு மேல வாங்காதீங்க, வாங்கின பணத்தைத் தனிக் கணக்குல வச்சு, ஒவ்வொரு இதழ் அனுப்பினப்புறமும் அந்த இதழுக்கான பங்கை மட்டும் எடுங்க. கணக்குன்னதும் ஞாபகம் வருது, முதல் வருஷம் இதழ் பேர்ல பேங்க் அக்கவுண்ட் இல்ல, இதழ் பேருக்கு வந்த நாலு செக் மாத்தவே முடியாமக் காலாவதி ஆச்சு. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி அக்கவுண்டைத் திறந்துடுங்க, முடியலன்னா உங்க பேருக்கே அனுப்பச் சொல்லிடுங்க.

பணத்தைப் பத்தியே பேசிட்டிருக்கேன், ஆனா நான் செஞ்ச பெரிய தப்பு எதுவும் பணத்துல இல்ல. குழித்துறையில என் பக்கத்துல உக்காந்திருந்த அந்த அக்கா பேச்சுதான் முதல் இதழோட முதல் கட்டுரை. ஃபோன்ல ரெக்கார்டு பண்ணி, நான் உக்காந்து எழுத்துல போட்டேன். தமிழ் டீச்சர் இல்லையா, கை சும்மா இருக்கல. அவ "வெலங்க போன வள்ளம்"னு சொன்னதை "ஆழ்கடலுக்குச் சென்ற படகு"ன்னு மாத்தினேன். "கொண்டல் பிடிச்சிருச்சு"ன்னதை "கிழக்குக் காற்று வீசத் தொடங்கியது"ன்னு போட்டேன், "நீவாடு"ங்கிறதை "நீரோட்டம்"னு ஆக்கினேன். சென்னையில இருக்கிறவங்களுக்குப் புரியணுமேன்னு நினைச்சேன். அங்கங்க தப்பி நின்ன கொண்டலையும் ஃபான்ட் மாத்தினது கெடுத்துச்சு, லேஅவுட் பண்றவர் பழைய ஃபான்ட்ல வேலை பாக்குறவர், யூனிகோட்லருந்து மாத்துறப்போ கொம்பு தனியாக் கழண்டு எழுத்துக்கு அப்பால போய் நின்னுச்சு, முதல் ஃபாரம் முழுக்க அப்படியே அச்சாயிடுச்சு. பிடிஎஃப் வந்தப்புறம் திரும்பவும் ஒரு தடவை பேப்பர்ல பிரிண்ட் எடுத்துப் படிக்காம அச்சுக்கு விடக் கூடாதுன்னு அன்னைக்குத்தான் கத்துக்கிட்டேன்.

இதழ் வந்ததும் அக்கா வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். அவ மீன் வித்துட்டு வந்து பாத்திரத்தைக் கழுவிக் கவுத்திட்டிருந்தா. கையைச் சேலையில துடைச்சிட்டு, நீயே வாசி மக்களேன்னு திண்ணையில உக்காந்தா. வாசிச்சேன். ரெண்டு பக்கம் வரைக்கும் ஒண்ணும் சொல்லல. அப்புறம் மெதுவா, "நல்லா எழுதியிருக்க. இது யாருக்க பேச்சு?"ன்னா. ஒங்க பேச்சுதான்க்கான்னேன். "எனக்க பேச்சு இப்பிடியில்லியே மக்களே, இது டிவில செய்தி வாசிக்கப்பட்ட பிள்ளைக்க பேச்சுல்லா"ன்னா. கோபமே இல்லாமச் சொன்னா, அதுதான் தாங்க முடியல. மைக்கைத் தள்ளிட்டு அழுகையை மட்டும் எடுத்தவங்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்னு அன்னைக்கு வீட்டுக்கு நடந்து வர்ற வழியெல்லாம் யோசிச்சேன். அதுக்கப்புறம் வச்ச வழக்கம், ஒருத்தர் பேச்சை எழுத்துல போட்டா அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட சத்தமா வாசிச்சுக் காட்டணும், அவங்க நிறுத்தின இடத்துல எல்லாம் அவங்க சொன்ன வார்த்தையைத் திருப்பிப் போடணும். புரியாதவங்களுக்குப் பின்பக்கத்துல சொல் விளக்கம் கொடுத்துக்கலாம். ஒரு மணி நேரம் வாசிக்கிறதுக்கு அவங்க ஒரு மணி நேர வியாபாரத்தை விடணும், அதையும் யோசிங்க, நாலாவது இதழ்லருந்துதான் பேசினவங்களுக்கு 500 ரூபா கொடுக்க ஆரம்பிச்சேன். அச்சகத்துக்காரர் கேட்டதும் எடுத்துக் கொடுத்தோம், கதை கொடுத்தவங்களுக்கு ஓசிப் பிரதி போதும்னு மூணு இதழ் வரைக்கும் நினைச்சது வெக்கமா இருக்கு.

இதை விட மோசமானது ரெண்டாவது இதழ்ல நடந்துச்சு. ஒக்கில காணாமப் போனவங்களை இறந்தவங்களா ஏத்துக்க ஏழு வருஷம் காத்திருக்க வேண்டியதில்லன்னு அரசு அந்தக் குடும்பங்களுக்கு 20 லட்ச ரூபா நிவாரணம் கொடுத்துச்சு இல்லையா, அந்தப் பணம் வந்தப்புறம் ஒரு வீட்டுல மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவுல என்ன ஆச்சுன்னு அந்த மருமக சொன்னா. அவளாத்தான் சொன்னா, எழுதுக்கா, எல்லாரும் தெரிஞ்சிக்கட்டும்னா. நான் பேரை மாத்திட்டேன், அது போதும்னு நினைச்சேன். ஆனா ஊர்ப் பேர் இருந்துச்சு, எத்தனை பிள்ளைங்கன்னு இருந்துச்சு, வீடு குருசடிக்கு (சின்ன சிலுவைக் கோயில்) பின்னாடின்னு ஒரு வரி இருந்துச்சு. கரையில இது போதும், யாருன்னு சொல்ல ரெண்டு நிமிஷம் ஆகாது. மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க இதழைக் கையில வச்சுக்கிட்டு அவ வீட்டு முற்றத்துல நின்னு கத்தினாங்க, ஊர்க் கமிட்டி வரைக்கும் போச்சு. நான் போய் மன்னிப்புக் கேட்டேன். அவ கதவைச் சாத்தினா. அவ சரின்னு சொன்ன அன்னைக்கு அவளுக்கு இருந்த கோபம் வேற, மூணு மாசம் கழிச்சு இதழ் வந்தப்போ அவ இருந்த நிலைமை வேற, நடுவுல ஒரு தடவை கூட நான் திரும்பிப் போய்க் கேக்கல. அதனால சொல்றேன், சம்மதம்ங்கிறதை ஒரே தடவை வாங்கி முடிச்சிடாதீங்க. பேர் போடலாமா, ஊர் போடலாமா, ஃபோட்டோ போடலாமா, நெட்ல ஏத்தலாமான்னு ஒவ்வொண்ணாக் கேளுங்க. பிளேட் போடுறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி மறுபடி போய்க் கேளுங்க, வேண்டாம்னா அந்தப் பக்கத்துக்குப் போட ஒரு கவிதையோ படமோ தயாரா வச்சிருங்க. சுத்தி இருக்கிறவங்க வாசிச்சா கண்டுபிடிப்பாங்களான்னு அதே ஊர்க்காரர் ஒருத்தரை வச்சுப் பாக்குறது இன்னும் நல்லது. விளிம்புல இருக்கிற மனுஷங்க குரல்னு நாம எழுதுறோம், அச்சான மறுநாளும் அவங்க அதே தெருவுல தண்ணி பிடிக்கணும்.

2020 பிப்ரவரி இதழ் ஆறாவது. செலவு குறையும்னு வெளியூர் அச்சகத்துல கொடுத்தோம், மார்ச் மூணாவது வாரம் பார்சல் லாரியில ஏறுச்சு, 25ஆம் தேதி ஊரடங்கு. ஜூன் வரைக்கும் பண்டல் எங்கயோ குடோன்ல கிடந்துச்சு, எடுக்கப் போனப்போ மேல இருந்த 60, 70 பிரதி ஈரம் பாய்ஞ்சு பொதும்பியிருந்துச்சு. அப்போதான் வீட்டுல உக்காந்து முழுக் கணக்கையும் ஒரு நோட்டுல எழுதினேன். எந்தப் பிரதி எங்க போச்சுன்னு எழுதுறப்போ கை நின்னுடுச்சு. முதல் இதழ் 500ல எங்க கரைக்கு, நாங்க யாரைப் பத்தி எழுதினோமோ அந்த வீடுகளுக்குப் போனது 31 பிரதி. அதுலயும் பாதி நானே சும்மா கொடுத்தது. மீதி எல்லாம் எழுத்தாளர்களுக்கும் நண்பர்களுக்கும் கடைக்கும் கட்டிலுக்கு அடியிலயும். மீன் சுமக்குற ஒரு அம்மா ஒரு நாள் இதழைத் திருப்பிப் பாத்துட்டு, எம்பதா, ஒரு கிலோ அரிசிக்கு மேலல்லான்னு சொல்லி வச்சது அப்போதான் உறைச்சுது.

அந்த ஊரடங்குலதான் அயோத்திதாசப் பண்டிதரோட பத்திரிகையைப் பத்தித் திரும்பப் படிச்சேன். 1907ல ராயப்பேட்டையில ஆரம்பிச்ச வாரப் பத்திரிகை, நாலே பக்கம், பேரே ஒரு பைசாத் தமிழன், மறு வருஷம்தான் தமிழன்னு ஆச்சு. விலையையே பேரா வச்சிருக்கார். அதுக்கும் முன்னாடி 1893ல ரெட்டமலை சீனிவாசன் கொண்டுவந்த பறையனும் முதல்ல நாலு பக்கம்தான். இதெல்லாம் காலேஜ்ல பரீட்சைக்குப் படிச்சது, அப்போ அந்த நாலு பக்கம் ஏன்னு யோசிக்கவே இல்ல. யார் வாங்கணுமோ அவங்க கையில இருக்கிற காசுலருந்து கணக்கை ஆரம்பிச்சிருக்காங்க. நான் எனக்குப் பிடிச்ச பேப்பர்லருந்து ஆரம்பிச்சேன்.

ஏழாவது இதழ் 2021ல. ஒரே ஃபாரம், 16 பக்கம், தனி அட்டை கிடையாது, நடுவுல ரெண்டு பின், எழுத்து மட்டும் பெருசு, 14 பாயிண்ட். 1,000 பிரதி, ஒண்ணுக்கு 7 ரூபா அடக்கம், விலை 10. கடைக்கு ஒண்ணு கூடக் கொடுக்கல. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு அன்பியக் கூட்டத்துல (பங்குக் குடும்பங்க குழுவாக் கூடுறது) ஃபாதர்கிட்ட கேட்டு பத்து நிமிஷம் வாசிச்சோம், மார்க்கெட்ல அக்காக்களே வச்சு வித்தாங்க, வித்த ஒவ்வொண்ணுக்கும் அவங்களுக்கு ரெண்டு ரூபா. மூணு வாரத்துல 640 போச்சு. என் வாழ்க்கையில அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்ல. ஆனா உடம்பும் கடனும் தாங்கல, கூட இருந்த ரெண்டு பேரும் வேலைன்னு வெளியூர் போயிட்டாங்க, காலாண்டிதழ்ங்கிற ஏற்பாட்டை அத்தோட முடிச்சு சந்தாக்காரங்களுக்குக் கடிதம் போட்டேன். இதுவும் ஒரு தேவையான வேலை, சொல்லாம நிறுத்திடாதீங்க, காத்துட்டு இருப்பாங்க. இப்போ கையில காசும் விஷயமும் சேர்றப்போ மட்டும், வருஷத்துக்கு ஒண்ணோ ரெண்டோ, அதே 16 பக்கத்துல சின்னச் சின்னதா கொண்டுவர்றேன், யார்கிட்டயும் சந்தா வாங்குறதில்ல. தபாலையும் நம்பி இல்ல, 2025 செப்டம்பர்லருந்து பதிவுத் தபாலையே ஸ்பீட் போஸ்டோட சேத்துட்டாங்க, பத்து ரூபா இதழை அனுப்புறதுக்கு இதழ் விலையைப் போல எத்தனையோ மடங்கு ஆகும். ஆள் வழியாத்தான் போகுது. முழு நீளக் கட்டுரை கேக்குறவங்களுக்கு பிடிஎஃப், பேசினவங்க நெட்டுக்குச் சரின்னா மட்டும்.

ஏழாவது இதழ்ல காத்துக்கும் நீவாடுக்கும் எங்க பெரியவங்க சொல்ற பேர்களை ரெண்டு பக்கம் போட்டிருந்தேன். அந்த அக்காவோட மகன் கொச்சியிலருந்து தங்கல் போற போட்ல வேலை. போனா ஒரு மாசத்துக்கு மேல ஆகும் திரும்ப. அவ ஒரு நாள் வந்து பத்து பிரதி குடு மக்களே, போட்ல உள்ளவனுவ கேட்டானுவன்னு வாங்கிட்டுப் போனா. ரெண்டு மாசம் கழிச்சு ஒண்ணு மட்டும் திரும்பி வந்துச்சு. உப்புத்தண்ணி பட்டு தாள் விறைச்சுப் போயிருந்துச்சு, ஒரு மூலையில டீசல் கறை. அந்த ரெண்டு பக்கத்துல நான் போட்டிருந்த பேர்ல நாலை நீல பேனாவால அடிச்சிருந்தாங்க, ஓரத்துல மூணு பேர் கையெழுத்துல வேற பேர் எழுதி, எந்த ஊர்ல அப்படிச் சொல்லுவாங்கன்னும் குறிச்சிருந்தாங்க. கீழ ஒருத்தர், இன்னும் இருக்கு, அடுத்ததுல ரெண்டு பக்கம் சும்மா விடுங்கன்னு எழுதியிருந்தார்.